வி.வி. கிரியைப் பற்றி ஒரு புத்தகம்: நெல்லையிலிருந்து ஒரு நன்கொடை வேண்டுகோள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தோழர்களே,

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள், விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தவர்கள், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் அக்காமார், கொஞ்சம் ஆசிரியர்கள் என்று சேர்ந்து ஒரு குழுவாக வேலை செய்துகொண்டிருக்கிறோம். தொழிற்சங்கத்திலிருந்து குடியரசுத் தலைவர் பதவி வரை போன வி.வி. கிரியின் வாழ்க்கையைத் தொழிலாளிக்குப் புரிகிற தமிழில் எழுதி முடித்தாயிற்று. அதை அச்சிடவும், குரலில் பதிவு செய்யவும்தான் இப்போது பணம் வேண்டும்.

அவர் இன்றைய ஒடிசாவில் உள்ள பெர்காம்பூரில் பிறந்த தெலுங்குக்காரர், நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். நல்ல கேள்விதான். 1937 தேர்தலில், மாகாண முதலமைச்சராக இருந்த பொப்பிலி ராஜாவையே தோற்கடித்து ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறைக்கு வந்தார் கிரி. அப்போது நெல்லைச் சீமையும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது, ஆகவே பாபநாசத்தில் நூல் நூற்றவருக்கும் தூத்துக்குடி மில்லில் நின்றவருக்கும் அவர்தான் மந்திரி.

சட்டம் படிக்க 1913-ல் அவர் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குப் போனார். தொழிலாளர்களை வெளியே தள்ளி முதலாளிகள் ஆலைக் கதவை இழுத்துச் சாத்திய பெரிய போராட்டம் அந்த ஊரில் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஐரிஷ்காரர்கள் நடத்திய 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு அங்கே இருக்க விடாமல் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் வக்கீல் தொழிலோடு நிற்காமல் பெங்கால் நாக்பூர் ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டினார், அகில இந்திய ரயில்வேமென் ஃபெடரேஷனை உருவாக்கியவர்களில் ஒருவரானார், அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸான ஏ.ஐ.டி.யு.சி.க்கு இரண்டு முறை தலைவராக இருந்தார், 1931-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குத் தொழிலாளர் பிரதிநிதியாகவே போனார்.

எங்களை இந்தப் புத்தகத்துக்கு இழுத்து வந்தது 1954-ல் நடந்த விஷயம். அப்போது அவர் நேரு அமைச்சரவையில் தொழிலாளர் மந்திரி. வங்கி ஊழியர் சம்பள வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை மத்திய அரசு தானாகவே திருத்தியது. தீர்ப்பாயத்திடம் போங்கள் என்று தொழிலாளியிடம் சொல்லிவிட்டு, வந்த தீர்ப்பை அரசே வெட்டினால் அப்புறம் எந்த முகத்தோடு சங்கத்துக்காரர்கள் முன்னால் போய் நிற்பது? கிரி ராஜினாமா செய்தார். தகராறு என்றால் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்கிற கட்டாய முறையையே அவர் பெரிதாக விரும்பியவர் இல்லை, சங்கமும் நிர்வாகமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம். இந்தப் பகுதியைத்தான் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறோம், ஏனென்றால் கூலி ஒப்பந்தம் என்றால் என்ன, யார் யாரோடு பேச வேண்டும் என்பதை இன்றைக்கு வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று, இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு அவர் ஜெயித்தது பலருக்கும் தெரிந்த கதை. தி.மு.க.வும் அவரைத்தான் ஆதரித்தது.

1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தம் பற்றி எழுதும்போது குழுவுக்குள்ளே பெரிய வாக்குவாதம் நடந்தது. சுமார் 17 லட்சம் பேர், இருபது நாள். கிரி சேர்ந்து உருவாக்கிய அதே ஃபெடரேஷனுக்கு ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தலைவர், ராஷ்டிரபதி பவனில் கிரி, ஆயிரக்கணக்கானவர்கள் கைதாகிச் சிறையில் இருந்தார்கள், வேலை போனவர்களும் ஆயிரக்கணக்கில். எங்கள் குழுவிலேயே அப்போது அப்பாவுக்கு வேலை போய் வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய மனுஷன், விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். விடவில்லை. அந்த அத்தியாயம் முழுசாக இருக்கிறது. அதை மறைத்து ஒரு பாராட்டு மலர் போடுவதாக இருந்தால் உங்களிடம் காசு கேட்கவே எங்களுக்கு வாய் வராது.

ஒலிப்பதிவு எதற்கு என்றால், பீடி சுற்றுகிற அக்காமாருக்குக் கையும் கண்ணும் தட்டில் இருக்கும், காது மட்டும்தான் ஓய்வாக இருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, கடையில் சரியில்லை என்று கழித்துத் தள்ளியது போக மிச்சத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர்களிடம் புத்தகத்தை நீட்டி உட்கார்ந்து படி என்று சொல்ல முடியாது. நம்ம ஊர்ப் பேச்சிலேயே படித்துப் பதிவு செய்து, செல்போனில் இலவசமாகக் கேட்கும்படி கொடுக்கப் போகிறோம். குரல் கொடுப்பவர்கள் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஸ்டுடியோ வாடகை மட்டும்தான்.

ஆயிரம் பிரதி அச்சிடவும் பதிவுக்கும் சேர்த்து 1,80,000 ரூபாய் ஆகும். 70,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 1,10,000 வேண்டும். ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு, வரவுசெலவு முழுவதும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே அச்சாகும். கட்சிப் பணமும் முதலாளி பணமும் வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிட்டோம். பிரதிகள் கிளை நூலகங்களுக்கும் சங்க அலுவலகங்களுக்கும் விலையில்லாமல் போகும்.

பணம் கொடுக்க வசதிப்படாதவர்கள் வீட்டுப் பரணில் கொஞ்சம் தேடிப் பாருங்கள். 1974 பணிநீக்க உத்தரவு, பழைய சந்தா ரசீது, துண்டறிக்கை, கூட்டத்துப் போட்டோ எது கிடைத்தாலும் குழுவில் உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், பிரதி எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம்.