வாலுக்கு ரெண்டு மார்க்

பாப்பா,

நேத்து நீ போன்ல எம்ஆர்என்ஏ வால் பத்தி, அதான் ஜீன்ல இருக்கற புரதக் குறிப்ப நகலெடுத்துக் கொண்டு போற ஆர்என்ஏவோட பின்முனையில வர்ற ஏ எழுத்து வரிசை பத்தி, பேசிட்டே இருந்த, நான் உம் கொட்டிட்டு இருந்தேன்ல, மனசுல பூரா என் பழைய ப்ளஸ் டூ க்ளாஸ்தான் ஓடுச்சு. வருஷா வருஷம் முன்னாடி தொப்பி பின்னாடி வால், ரெண்டு மார்க், எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருவேன். ஒரு தடவ கடைசி பெஞ்ச்ல ஒருத்தி எந்திரிச்சு, மிஸ் ஜீன்ல இல்லாத அவ்ளோ ஏ ஆர்என்ஏவுல மட்டும் எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா. பரீட்சைக்கு வராது உக்காருன்னுட்டேன்.

இப்ப ரிட்டயர் ஆகி நிதானமா படிச்சா, அவ கேட்டதுதான்டி கேள்வி! ஜீனப் பாத்து ஆர்என்ஏ எழுதுற பாலிமரேஸ்ங்கற என்சைம், புரதத்துக்கான பகுதி முடிஞ்சும் நிக்காம எழுதிட்டே ஓடுது, ஏஏயூஏஏஏன்னு ஆறு எழுத்து தெரிஞ்சதும் ஒரு புரதக் கூட்டம் வந்து அதைப் பிடிச்சுக்கிட்டு, அங்கயே வெட்டாம 10, 30 எழுத்து தள்ளி வெட்டுது, வெட்டுன முனையில இன்னொரு என்சைம் டிஎன்ஏவ திரும்பிக்கூட பாக்காம ஏ ஏ ஏன்னு 200க்கு மேல கோத்து விடுது. நான் ப்ளவுஸ் துணிய கொஞ்சம் விட்டு வெட்டி ஓவர்லாக் அடிப்பேன்ல, அதேதான். அடிக்கலைன்னா நூல் பிரியும், இங்க வேற என்சைமுங்க முனையில இருந்து கடிச்சே தின்னுரும். ஆனா ஓவர்லாக் அப்படியே கிடக்கும், இந்த வால் நேரம் ஆக ஆக தேயுது, ரொம்ப குட்டையாச்சுன்னா முன்முனையக் காக்குற தொப்பியையும் என்சைமுங்க கழட்டிரும், அதோட அந்த ஆர்என்ஏ காலி.

அந்த ஆறு எழுத்த 1976லயே ப்ரவுட்ஃபுட், பிரௌன்லீன்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிட்டாங்க, நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே. ரத்தத்துல ஹீமோகுளோபினுக்கான பீட்டா குளோபின் ஜீன்ல, அந்த ஆறு எழுத்துல இருக்கற யூ சி ஆகிப்போனாலே தலசீமியாங்கற பரம்பரை ரத்தசோகையாம். புரதத்துக்கான எழுத்துல ஒண்ணுகூட தப்பில்ல, முடிக்கிற இடத்துல மட்டும் பிசகு. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரல.

அந்தப் பொண்ண போன மாசம் ரேஷன் கடை க்யூல பாத்தேன், இடுப்புல குழந்த. சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள என் நம்பரக் கூப்ட்டுட்டாங்க.

டிஎன்ஏவ சுத்தி வைக்கிற ஹிஸ்டோன் புரதத்தோட ஆர்என்ஏ பெரும்பாலானதுக்கு மட்டும் வாலே கிடையாது, கொண்டை ஊசி மாதிரி ஒரு மடிப்புதான்னு போட்ருக்கு. அது ஏன்னு ஞாயித்துக்கிழமை சொல்லு. மெதுவா சொல்லு, எழுதிக்கணும்.

அம்மா