கையால் கட்டிய ஆம்ப்: விலையை விடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிட்டாரின் ஒலியைக் கண்ணாடி வால்வுகளால் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரைக் (ஆம்ப்) குறைந்த விலையில் கையால் கட்டித் தருபவர்களை ‘நகல் எடுப்பவர்கள்’ என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. நகல் என்றால் பிரிட்டனின் மார்ஷல் ஆம்பும் நகல்தான். 1962-இல் லண்டனில் உருவான அதன் ஜேடிஎம்45, அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. அமெரிக்கரான டம்பிள் கையால் கட்டி, லட்சம் டாலரைத் தாண்டி விலைபோன ஆம்ப்களின் வேரும் ஃபெண்டர்தான். அவர் உள்ளே எபாக்ஸி பசை பூசிச் சர்க்யூட்டை மறைத்தார், அவ்வளவே.

ஃபெண்டரின் சிறிய ஆம்பான சேம்ப் 5எஃப்1-ஐ எடுத்துக்கொள்வோம். மூன்றே வால்வு: சிக்னலைப் பெருக்க 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்க 6வி6, மின்சாரத்தை டிசி ஆக்க 5ஒய்3. சுமார் 5 வாட். ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து இருபது உருப்படி இருந்தால் அதிகம். இதில் ரகசியம் ஏதுமில்லை. தரம் தீர்மானமாகும் இடம், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஒற்றை 6வி6 வேலை செய்யும்போது டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (வால்வு பக்கச் சுருள்) வழியே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் டிசி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் அதன் இரும்புத் தகடுகளில் ஆங்கில ‘இ’ வடிவத் தகடுகளை எல்லாம் ஒரு பக்கமும் ‘ஐ’ வடிவத் தகடுகளை மறுபக்கமும் அடுக்கி, நடுவே மெல்லிய காகிதம் வைக்க வேண்டும். பவர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியே பழகிய கை, தகடுகளை மாற்றி மாற்றிக் கோத்துவிடும். அப்படிக் கோத்தால் இரும்பின் காந்தத் திறன் டிசியிலேயே நிரம்பி, தடித்த ஆறாவது தந்தியின் ஒலி குழைந்து போகும். பழியோ வால்வின் மேல் விழும். புது வால்வு வாங்கிப் போட்டும் பயன் இருக்காது.

அடுத்தது இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 50-இல் உறுமினால், வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயர்களை முறுக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது ஹீட்டருக்கான 6.3 வோல்ட்டின் இரு முனையிலிருந்தும் எர்த்துக்குப் போக வேண்டிய 100 ஓம் ரெசிஸ்டர்கள் இருக்காது. 100-இல் உறுமினால், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரையோ, அதன் எர்த் இணைப்பையோ பார்க்க வேண்டும்.

வாங்குமுன் 6வி6-இன் 8-ஆம் பின்னில் (கேத்தோடு) மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் 20 வோல்ட் அளவில் இருந்தால் சரி. 30-ஐ நெருங்கினால், சிக்னல் நுழையும் 5-ஆம் பின்னை அளக்க வேண்டும். அங்கே டிசி பூஜ்யம்தான் காட்ட வேண்டும். இல்லையென்றால் முந்தைய வால்வின் டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் 0.02 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது, 6வி6-இன் உள்ளிருக்கும் தகடு சூடேறிச் சிவக்கத் தொடங்கும். விற்பவரே அளந்து காட்டட்டும்; உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கலாம்.

விலையுயர்ந்த ஆம்பில் பெட்டியின் தச்சு வேலையும் மறுவிற்பனை மதிப்பும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அந்தப் பெயரும் பெட்டியும் காப்பாற்றாது. மூன்று பின் பிளக்கின் எர்த், சேசிஸில் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) போல்ட் போட்டு முறுக்கப்படாத ஆம்பை, யார் கட்டியிருந்தாலும், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்