டிசம்பர் 22 வந்தால் 1729 மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வருடா வருடம் டிசம்பர் 22-இல், கணித மேதை ராமானுஜனின் பிறந்தநாளில், அவர் படம், கூடவே அதே 1729, அதே டாக்சிக் கதை (பேராசிரியர் ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729; இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் சட்டென்று சொன்னாராம்). நல்ல கதைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது, அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. வாய்விட்டுச் சொன்னால் ஆறு லட்சத்து எழுபத்துநாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே... சரி, மீதியை விடுங்கள்.

இதற்குக் கீழே இருக்கும் எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது, அதுதான் விசேஷம். 12-க்கு ஆறு காரணிகள் (1, 2, 3, 4, 6, 12), அதற்கு முந்தைய எதுவும் நான்கைத் தாண்டாது. அதே ஜாதி எண்தான் இதுவும், அட்டவணை முழுக்க இந்த ஜாதிதான்; இதன் காரணிகள் மட்டும் 10,080. 1 முதல் 28 வரை எதைக் கொண்டு வகுத்தாலும் மீதி வராது, 29-இல்தான் முதல்முறையாக மாட்டிக்கொள்ளும்.

இது பெரிய படிப்பாளிகள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறேன், கடைக் கால்குலேட்டரில் 12 இலக்கம்தான் ஏறும், இது 13 இலக்கம், அதனால் கையால்தான் போட்டாக வேண்டும். 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு முறை, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றையும் ஒரு முறை பெருக்கினால் எண் வந்துவிடும். அந்த 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 எல்லாவற்றோடும் ஒன்று கூட்டி, 7×5×3×3×2×2×2×2×2 என்று பெருக்குங்கள், 10,080. அடுக்குகள் ஏன் இறங்கிக்கொண்டே போகின்றன என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால், இரண்டையும் இடம் மாற்றி அதே அளவு காரணிகளோடு இன்னும் சின்ன எண் ஒன்றைச் செய்துவிடலாமே!

இன்னொன்று. அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், அட்டவணையின் அந்தக் கடைசி எண்ணே வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் கையால் போட்ட பட்டியலில் ஒன்றுதான் தவறியது என்பது எனக்கு 1729-ஐவிடப் பெரிய ஆச்சரியம். இந்த ஆராய்ச்சிக்குத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜில் பட்டம் கொடுத்தார்கள். லண்டன் சங்கத்துக்குப் பணமுடை என்று அச்சேறாமல் நின்ற கட்டுரையின் மீதிப் பகுதி 1997-இல்தான் வெளிவந்தது.

வரும் டிசம்பரில் டாக்சிக் கதையை ஒரு மூலையில் போட்டுவிட்டு, இந்த எண்ணைச் சிறுவர் பக்கத்தில் புதிராகக் கொடுங்கள். விடையை மறுநாள் போட்டால் போதும், அன்றைக்கே தலைகீழாக அச்சடிக்க வேண்டாம்.

டியூஷன் வாத்தியார் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.