வகுப்பறைக்குள் வரவேற்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத் துணைநிற்கும் எங்கள் கருத்தாளர் பணி பயிற்சிக் கட்டகத்தால் மட்டும் கைவந்துவிடாது. அதைப் பழக்கியவர்கள் நீங்கள்.

பின்வரிசையில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்தாலே அதிகாரிகள் வரும் ஆண்டாய்வுதான் நினைவுக்கு வரும். அந்த அச்சத்தில் நடக்கும் பாடத்தில், சட்டென்று பதில் சொல்லும் நாலு பிள்ளைகளே மாறி மாறி எழுந்து நிற்பார்கள். எனவே பாடத்துக்கு முன் பத்து நிமிடம் பேசி, எதைப் பார்க்க வேண்டும் என்பதை வகுப்பாசிரியரே சொல்வது என்று வைத்துக்கொண்டோம். "கேள்வி கேட்டபிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன், அதை மட்டும் பாருங்க டீச்சர்" என்று கேட்டவர்களுக்கு நன்றி. கேட்க வேண்டிய கேள்வி அது. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதினார். மூன்று நொடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள்.

2022இல் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைகளில் உள்ள பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் நோட்டுகளை மறைக்காமல் எங்களிடம் கொடுத்தீர்களே, அது பெரிய உதவி. 52-இல் 28 போக 36 என்று எழுதிய பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்து, 8-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. 'தவறு' என்று குறித்தால் இது தெரியவராது. ஐந்து பத்துக்கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து, ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்க வேண்டும்: நாலு கட்டு, பன்னிரண்டு குச்சி. ஆசிரியர் அவிழ்த்துக் காட்டினால் அது வேடிக்கையாகவே நின்றுவிடும். குச்சிகளை எடுத்துவைத்துவிட்டு நோட்டைத் திறக்கச் சொன்னால் இரண்டுக்கும் தொடர்பு அறுந்து, மறுபடி 36 வரும். நோட்டும் குச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் நகர்ந்தால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளப் பதிவுகளுக்கு நடுவிலும் நாற்பது நிமிடப் பாடவேளையையும், அன்றைக்கே பேசப் பதினைந்து நிமிடத்தையும் ஒதுக்கித் தந்த தலைமையாசிரியர்களுக்கு நன்றி. மறுநாளைக்குத் தள்ளினால் எந்தப் பிள்ளை என்ன சொன்னது என்பது இருவருக்கும் மறந்துபோகும். 'ஒரு சந்திப்புக்கு ஒரே ஒரு மாற்றம், இரண்டு வாரத்துக்குள் மறுபடி வாருங்கள்' என்று உறுதியாகச் சொன்ன மூத்த ஆசிரியர்களுக்கும் நன்றி.

எங்கள் குறிப்புத்தாளைக் கேட்காமல் இருந்த ஆசிரியர் பயிற்றுநர்களுக்குத் தனி நன்றி. அதில் மதிப்பெண் கிடையாது. பார்த்ததும் கேட்டதும் மட்டுமே. தாள் வகுப்பாசிரியரிடமே இருக்கும். ஒருமுறை அது மேலதிகாரிகளிடம் போய்விட்டால் அடுத்தமுறை ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும், துணைநிற்க அங்கே ஒன்றும் இருக்காது.

காலாண்டுத் தேர்வுக்குப் பின் எங்கள் வகுப்புகளில் வகுத்தல் தொடங்குகிறது. வாருங்கள். மீதி வரும் கணக்கில் எந்தப் படியில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று எழுதிக்கொடுங்கள்.

அன்புடன்,
குறுவள மையக் கருத்தாளர்கள்