வசூலுக்கு முன்னால் வார்டுக்குப் போ

அன்புள்ள நண்பா,

நலம். உன் வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. மருத்துவமனையின் நன்கொடைக் குழுவுக்கு உன்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. முதல் வசூலிலேயே குழந்தைகள் வார்டுக்கு விலை கூடிய கருவி ஒன்றை வாங்கித் தந்துவிடலாம் என்று குழுவில் பேச்சு ஓடுவதாக எழுதியிருக்கிறாய். அதில் கொஞ்சம் நிதானி.

கருவியின் விலை என்பது முதல் செலவுதான். சிரிஞ்ச் பம்பையே எடுத்துக்கொள். மணிக்கு இத்தனை மில்லி என்று மருந்தை மெதுவாகத் தள்ளுகிற சின்னப் பெட்டி. எந்தக் கம்பெனியின் சிரிஞ்ச், எத்தனை மில்லி அளவு என்று அதற்குச் சரியாகச் சொல்ல வேண்டும். சிரிஞ்சின் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டோரில் வேறு கம்பெனி சரக்கு வந்து அதை மாட்டினால், திரையில் தெரியும் அளவு ஒன்று, குழந்தைக்குள் போகும் அளவு வேறொன்று. வார்டில் ஏற்கெனவே வேறு மாடல் ஓடுகிறது என்றால் இன்னும் சிக்கல்: நடுராத்திரி களைப்பில் இரண்டு விதமான பட்டன்களைக் கை குழப்பிக்கொள்ளும். பேட்டரி சில வருடத்தில் தளரும், ஆண்டுக்கு ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் விலையில் 5 முதல் 10 விழுக்காடு ஒதுக்கிக்கொள். அதற்கு வழியில்லை என்றால் யானையை வாங்கிக் கட்டிவிட்டுத் தீனிக்கு அலைகிற கதையாகிவிடும். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வளரும் நாடுகள் 16-இல் 1,12,000க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. சுமார் 38 விழுக்காடு ஓடாமல் கிடந்தன. இயக்கத் தெரிந்த ஆள் இல்லை, கருவியை நிர்வகிக்க ஏற்பாடு இல்லை, மின்சாரம் போன்ற வசதி இல்லை என்பவைதான் முக்கியக் காரணங்கள். ஆகவே கருவி வாங்குவதானால் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவும் வார்டு நர்ஸும் கையெழுத்திட்ட பிறகு வாங்கு.

அதற்கு முன் ஒரு வேலை செய். மூன்று ராத்திரி, இரண்டு மணி வாக்கில், பொறுப்பு நர்ஸின் அனுமதியோடு வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வா. எத்தனை தாய் தகப்பன் தரையில் படுத்திருக்கிறார்கள், எத்தனை பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்து சாய்ந்து தூங்குகிறார்கள் என்று எண்ணு. குழு விவாதிக்க வேண்டிய எண் அதுதான். 1974-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், சிகிச்சை பெறும் பிள்ளைகளின் குடும்பங்கள் தங்குவதற்கான முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் திறந்ததற்கும் இதுதான் வித்து. குழந்தைகளின் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்த ஆட்ரி எவன்ஸ், பிள்ளையின் அருகில் இருக்க வந்த பெற்றோருக்குத் தங்க இடமில்லாததைக் கண்டார். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த மகளுக்காக ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃப்ரெட் ஹில் குடும்பமும், அவர் ஆடிய ஈகிள்ஸ் அணியும் பணம் திரட்டக் கை கொடுத்தார்கள்.

இல்லம் கட்டுவது பெரிய காரியம். படுக்கையோரச் சாய்வு நாற்காலி உன்னால் முடிந்தது. ஆனால் அதிலும் பார்த்து வாங்கு. உறை துணியாக இருக்கக் கூடாது. கிருமிநாசினியால் தினமும் துடைத்தாலும் வெடிக்காத உறை வேண்டும். தையல் ஓரங்களை விரலால் தடவிப் பார், இடுக்கில் அழுக்கு சேர்ந்தால் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு ஒரே மாதத்தில் வெளியே தூக்கி வைத்துவிடும். சக்கரத்துக்குப் பூட்டு இருக்க வேண்டும். முழுக்க நீட்டிப் போட்டபின் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு மிஞ்சுகிறது என்று டேப் வைத்து அள. அவசர டிராலி நுழைய வழி இல்லாவிட்டால் அந்த நாற்காலி ஆபத்து. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்காதே. இரண்டை மட்டும் வரவழைத்து இரண்டு வாரம் போட்டுப் பார், குறை என்ன என்று ராத்திரி ஷிப்ட் நர்ஸ் சொல்லிவிடுவார்.

குடும்பங்களுக்கான உடனடி உதவி நிதியை இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் பஸ் செலவு, இழந்த கூலி, வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளை என்று குடும்பம் ஒடிவது அங்கேதான். சிகிச்சையைப் பாதியில் நிறுத்திக் கிளம்புகிறவர்களில் பலர் வழிச்செலவுக்கு வழியில்லாதவர்கள். விண்ணப்பம் ஒரே பக்கமாக இருக்கட்டும். மருத்துவச் சமூகப் பணியாளர் பரிந்துரைத்து, குழுவில் ஒருவர் ஒப்புதல் தந்தால் 24 மணி நேரத்துக்குள் பணம் கையில் சேர வேண்டும். குழுக் கூட்டம் கூடும்வரை காத்திருக்கும் உதவி உதவியே இல்லை. ஒரு வரம்புத் தொகைக்கு மேல் போனால் மட்டும் இரண்டாவது கையெழுத்து.

ஊழியர்களுக்கு என்று கேட்டால் நன்கொடையாளர் முகம் சுளிப்பார் என்று அஞ்சுகிறாய். 2020-இல் பிரிட்டனில் முன்னாள் ராணுவ வீரர் கேப்டன் டாம் மூர் தன் நூறாவது பிறந்தநாளுக்கு முன் தோட்டத்தை நூறு சுற்றுச் சுற்றி நடந்தாரே, அதற்கு வந்த நன்கொடை 1,000 பவுண்டு இலக்கில் தொடங்கி 3 கோடி பவுண்டைத் தாண்டியது. அந்த நிதியைப் பெற்ற, என்எச்எஸ் என்ற பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைக்கான அறக்கட்டளைகளின் கூட்டமைப்பு, ஊழியர் ஓய்வறை, மனநல ஆலோசனை, நோயாளி குடும்பத்தோடு பேச டேப்லெட் போன்றவற்றுக்கும் உதவி தந்தது. வெளிப்படையாகச் சொன்னால் ஜனங்களுக்குப் புரியும்: பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டில் கால்மணி நேரம் படுக்க இடம் கிடைத்தால் மருந்தளவைப் பார்க்கும் கண் தெளியும். ஒரு குழந்தையைப் பறிகொடுத்த அன்று அந்த நர்ஸ் உட்கார்ந்து அழவும், பேசவும் ஒரு அறை வேண்டும். ஆனால் சம்பளம், கையுறை, சீருடை போன்று நிர்வாகம் தரக் கடமைப்பட்டதற்கு நிதியைத் தொடாதே. ஒருமுறை நீ கொடுத்துவிட்டால் அடுத்த வருட பட்ஜெட்டில் அந்த வரியே இருக்காது.

வேண்டுகோள் வாசகத்தில்தான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். "ஐசியூவுக்கு வென்டிலேட்டர்" என்று கேட்டு வாங்கிய பணம் வென்டிலேட்டருக்கு மட்டும்தான். தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டாலோ, அதற்குள் வேறு யாராவது வாங்கிக் கொடுத்துவிட்டாலோ பணம் வங்கியில் உறங்கும், தொடவும் முடியாது. அதனால் ஒவ்வொரு வேண்டுகோளின் அடியிலும் "மிஞ்சினால் அல்லது இத்தேவை வேறு வழியில் நிறைவேறினால், இதே வார்டின் இதுபோன்ற தேவைக்குப் பயன்படுத்துவோம்" என்று அச்சிடு. ரசீதிலும் அது இருக்கட்டும். குறிப்பிட்ட நோக்கத்துக்கான பணத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு, பொதுப் பணத்துக்குத் தனி.

உண்டியல் எண்ண எப்போதும் இரண்டு பேர். பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். எண்ணிய தொகையை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு அடுத்த வேலை நாளே வங்கியில் கட்ட வேண்டும். அதிலிருந்து டீச்செலவுக்குக்கூட எடுக்கக் கூடாது.

இன்னொன்று, இதில் நான் கறாராகவே இருப்பேன். சிகிச்சை தருகிற டாக்டரோ நர்ஸோ நோயாளியிடம் நன்கொடை கேட்கக் கூடாது. "இல்லை" என்று சொன்னால் கவனிப்பு குறையுமோ என்று அந்தக் குடும்பம் பயப்படும். நோயாளிகளின் முகவரிப் பட்டியல் வசூல் மேசைக்கு வரவே கூடாது. உதவி பெற்றவரைப் படம் பிடிப்பதாக இருந்தால், பணம் கொடுத்து முடித்த பின் தனியாகக் கேள். எப்போது வேண்டுமானாலும் படத்தை நீக்கிவிடச் சொல்லலாம் என்று எழுதிக் கொடு. மொட்டைத் தலையோடு இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை பதினெட்டு வயதில் அந்தப் போஸ்டரைப் பார்க்கும் அல்லவா?

நாற்காலிக் கணக்கை எடுத்ததும் எழுது. கட்டிலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி அளவையும் சேர்த்து அனுப்பினால், எந்த மாதிரி பொருந்தும் என்று உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்