ஒரு பொட்டலம் குருணை: டெல்டா உரக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உரம், விதை, பூச்சிமருந்துக் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

நான் வயல்காரி இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில், வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் கொல்லை வைத்திருக்கிறேன். கத்திரி, வெண்டை, காராமணி, அவரை, ஒரு பாத்தி தண்டுக்கீரை, ஓரமாக இரண்டு முருங்கை. நான் கடைக்கு வரும்போதெல்லாம் எனக்கு முன்னால் யூரியா கேட்டு நாலு பேர் நிற்பார்கள். மேட்டூர் திறந்து குறுவை நடவு ஓடுகிற நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் "அண்ணே, காராமணிச் செடி வாடுது" என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

போன வருஷம் ஆடியில் அப்படித்தான் ஒரு கடையில் போய் நின்றேன். எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை. விதைத்துப் பதினைந்து நாள் ஆன காராமணி, காலையில் நன்றாக இருப்பது வெயில் ஏறியதும் தொங்கியது. ஒன்றைப் பிடுங்கினேன். வேரும் தண்டும் சேரும் இடம் வீங்கி வெடித்திருந்தது. நகத்தால் கீறியதும் உள்ளே அரிசி மூக்களவு வெளுத்த புழு ஒன்று நெளிந்தது. அந்தச் செடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பையை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. "வேர்ல புழுவா? குருணை போடுங்க" என்று, பிரித்திருந்த பூச்சிமருந்து மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார்கள். ஊதா நிறத்தில் மணல் மாதிரி இருந்தது. என்ன மருந்து, எந்தப் பயிருக்கு, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம், ஒன்றும் அந்தத் தாளில் இல்லை. ஒரு பக்கம் முகூர்த்த விளம்பரம் இருந்தது, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. பாதித் தப்பு என்னுடையது.

எங்கள் வீட்டில் தினமும் காலையில் கோழிக்குக் குருணை போடுவோம். அரிசிக் குருணை. அந்த வார்த்தையே எங்களுக்குக் கோழித் தீனிதான். நான் அந்த மருந்தைத் தூவி, கையால் மண்ணை லேசாகத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். கோழிக்கு மண்ணைக் கிளறுவதைத் தவிர வேறு என்ன வேலை? சாயங்காலத்துக்குள் மூன்று கோழி போய்விட்டது. ஒன்று கிணற்றடியில், இரண்டு முருங்கைக்குக் கீழே, காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. என் மாமியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் முறத்தில் குருணையைக் கொண்டுவந்து, கொல்லைக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பக்கத்துப் பாத்தி கீரை முழுவதையும் பிடுங்கிப் புதைத்தேன். இந்தக் குருணைகளில் பல வேர் வழியாக ஏறிச் செடி முழுக்கப் பரவுகிறவை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நெல்லுக்கு நட்ட கொஞ்ச நாளில் போட்டால் அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். இருபத்தைந்தாம் நாள் அறுத்துக் கடையும் கீரைக்கு அதே கணக்கா? சரி, காராமணியாவது பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. தண்டை உள்ளே தின்று முடித்த பிறகுதானே நாம் வாடலையே பார்க்கிறோம்.

அப்புறம் ஒரு வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இன்னொரு செடியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த அம்மா முதலில் செய்த காரியம், மேசையில் தாளை விரித்துச் செடியைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்ததுதான். "இது தண்டு ஈ. உளுந்துல, பயறுல வர்றதுதான்" என்றார். கறுப்பாக, எள்ளைவிடச் சின்ன ஈ இளம் இலையில் முட்டை வைக்கும். புழு இலைக்காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி வேர்க்கழுத்து வரைக்கும் போகும். அங்கேயே தோலுக்கு அடியில் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வெளியே வரும். அதாவது வேரில் இருக்கிற புழு மண்ணிலிருந்து வரவில்லை, மேலேயிருந்து இறங்கியிருக்கிறது! முளைத்த முதல் மூன்று நான்கு வாரம்தான் கண்டம். வாடியதைப் பிடுங்கி எரித்துவிடணும், குப்பைக்குழியில் போடக்கூடாது. பாதி வாடியதற்கு வீங்கிய இடம் மூடும்படி மண் அணைத்துத் தண்ணீர் காட்டினால், அதற்கு மேலே புது வேர் விட்டுப் பிழைக்கும். இந்த வருஷம் அதைச் செய்தேன். மண் அணைத்த பதினோரு செடியில் ஏழு காய்த்தது. மருந்துச் செலவு பூஜ்யம்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். "வேர்ல புழு" என்று நாங்கள் சொல்வது ஒரு புழுவை இல்லை. எங்களுக்குப் பெயர் தெரியாது, கையில் கிடைத்ததைச் சொல்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அதில் முட்டைக்கோஸ் செடியைச் சுற்றி அட்டையை வட்டமாக வெட்டிப் போடுகிறார்கள். செடியடியில் ஈ முட்டை வைக்காமல் இருக்கவாம். நல்ல யோசனைதான். ஆனால் அது ஐரோப்பா, வட அமெரிக்கா மாதிரிக் குளிர்ப் பிரதேசங்களில் கோஸ், முள்ளங்கி வேரைத் தின்கிற ஈ. என் காராமணிக்கு அந்த அட்டையால் என்ன பிரயோசனம்? இலையில் முட்டை வைக்கிற ஈ அட்டையைச் சட்டையே செய்யாது.

எருவில் வருவது இன்னொரு கதை. என் பிறந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் தென்னை தென்னையாகச் சாய்ந்து, அள்ள ஆளில்லாமல் தோப்பிலேயே மக்கின. மக்குகிற தென்னந்தடியும் எருக்குழியும்தான் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ வீடு. அந்தப் பக்கத்திலிருந்து எரு வந்தால், கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். அதைப் பார்த்ததும் பெண்கள் அலறிக்கொண்டு உங்களிடம் குருணை கேட்டு ஓடிவருவார்கள். அந்தப் புழு தின்பது மக்கிய எருவை. கத்திரி வேரை இல்லை. வண்டான பிறகு தென்னங்குருத்தைக் குடையும் என்பதால் அழிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்தால் போதும், கீரைப் பாத்தியில் நஞ்சு எதற்கு? எருவில் இன்னொரு புழுவும் உண்டு. தரையில் விட்டால் மல்லாந்து, முதுகாலேயே ஊர்ந்து போகும். ஒரு பூ வண்டின் புழு. எருவை மக்க வைக்க அதுவும் உதவுகிறது, பாவம்.

வேரை நிஜமாகவே கடிக்கிற வெள்ளைப்புழு எங்கள் களிமண்ணில் குறைவு. கடலை போடுகிற செம்மண், மணற்பாங்கான பக்கம்தான் அதன் ஆட்டம். கோடை மழை பெய்த அன்று சாயங்காலம் தாய்வண்டுகள் மண்ணைவிட்டுக் கிளம்பி வேம்பில் மொய்க்கும்போது உலுக்கிப் பொறுக்குவது பழைய வழக்கம். அதைவிட எளிது, கொல்லையைக் கொத்திவிட்டுக் கோழியைத் திறந்து விடுவது. ஒரு கோழி அரை மணி நேரத்தில் பொறுக்குகிற புழுவை எந்தப் பொட்டலமும் பொறுக்காது. அந்தக் கோழியைத்தான் நான் கொன்றேன்.

கத்திரி, தக்காளி, வெண்டை குட்டையாகிக் கிடந்தால் வேரைக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். வேரே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. அடுத்த பட்டத்துக்கு இடம் மாற்றுவது, சித்திரை வெயிலில் மண்ணை நனைத்துப் பாலித்தீன் தாளால் நாலைந்து வாரம் மூடுவது, வேப்பம் பிண்ணாக்கு போடுவது, நடுநடுவே செண்டுப்பூ வைப்பது, இவைதான் அதற்கு வழி. ஆனால் காராமணி வேரிலும் உருண்டை இருக்கும், பயந்து பிடுங்கிவிடக்கூடாது. கிள்ளினால் கையோடு வந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து சேர்க்கிற முடிச்சு. நானே ஒரு வரிசை முழுக்கப் பிடுங்கிய புண்ணியவதி.

பல நேரம் புழுவே காரணமில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், அழுகலுக்குப் பிறகுதான் புழு வரும். பழி மட்டும் புழுவுக்கு. பச்சையாக நின்ற கத்திரி திடீரென்று தொங்கினால் தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடிக்கலாம். பால் மாதிரி இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். குருணையால் அதற்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் பிழைப்பும் எனக்குத் தெரியும். ஐந்து ரூபாய் லாபம் இல்லாத கொல்லைக்காரிக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குவது கஷ்டம். ஆனால் உங்களில் பலர் வாரம் ஒரு நாள் வகுப்புக்குப் போய், இடுபொருள் விற்பனையாளர்களுக்கான ஓராண்டுப் பட்டயம் வாங்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறீர்கள். அந்தப் படிப்பு எங்களுக்கும் சேர்த்துத்தானே?

நான் கேட்பது கொஞ்சம்தான். நஞ்சைப் பிரித்துத் தாளில் மடித்துத் தராதீர்கள். கம்பெனிப் பொட்டலம், அதில் நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணம், எழுத்து எல்லாம் இருந்தால் நாங்கள் ஒருமுறையாவது படித்துப் பயப்படுவோம். கொல்லைக்கு ஏற்ற பொட்டலம் இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. பரணில் பழைய மூட்டை கிடந்தால் அதை யாருக்கும் நீட்டாதீர்கள். வேப்பம் பிண்ணாக்கை ஒரு கிலோ, இரண்டு கிலோவாகக் கட்டி வையுங்கள். சூடோமோனாஸ் பாக்டீரியா, மெட்டாரைசியம் பூஞ்சாணப் பாக்கெட்டுகளை வெயில் அடிக்கும் முன்வரிசையில் அடுக்காமல் நிழலில் வையுங்கள். அவை உயிருள்ள சரக்கு. தேதி முடிந்ததை விற்றால் வெறும் மாவை விற்ற மாதிரி.

அப்புறம், "செடியை வேரோட கொண்டு வாங்க" என்று கடை வாசலில் ஒரு அட்டை எழுதி வைத்தால் இன்னும் நல்லது. எழுதத் தெரிந்த பெண்கள் எங்கள் சுய உதவிக் குழுவில் இருக்கிறார்கள், எழுதித் தருகிறோம்.

வருகிற தைப்பட்டத்துக்கு அவரை போடப் போகிறேன். வாடினால் ஈர மண்ணோடு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வருவேன், கூட்டம் இல்லாத நேரமாக. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பையைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். பிளேடு நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அரசலாற்றங்கரைக் கொல்லைக்காரி ஒருத்தி