வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: சர்வர்களின் உச்சவரம்பில் செய்யும் மாற்றம் குறித்து

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் செயலிகளுக்காக நாங்கள் இயக்கும் சர்வர்கள் ஒவ்வொன்றும் ஒரே சமயத்தில் எத்தனை கோரிக்கைகளை ஏற்கலாம் என்ற உச்சவரம்பை இதுவரை நாங்களே கணித்து எழுதிவைத்திருந்தோம். இனி ஒவ்வொரு சர்வரும் தன் மறுமொழி நேரத்தை அளந்து, அந்த வரம்பைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இதனால் நெரிசல் வேளையில் '503' என்ற மறுப்பு உங்களுக்கு உடனுக்குடன் வரக்கூடும் என்பதால், காரணத்தை முன்கூட்டியே விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நொடிக்கு 200 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் 50 மில்லிநொடியில் முடிந்தால், எந்தக் கணத்திலும் சராசரியாக 10 கோரிக்கைகளே உள்ளே இருக்கும். காத்திருப்பு வரிசைகளை ஆராய்ந்த ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி சொல்லும் கணக்கு இது. பின்னாலுள்ள தரவுத்தளம் சுணங்கி அதே வேலைக்கு 500 மில்லிநொடி பிடித்தால், வருகை சற்றும் கூடாமலே அந்த 10 என்பது 100 ஆகிவிடும். வரம்பு 100 என்று இருந்தால் அத்தனையும் சுணங்கிய தரவுத்தளத்தின் மேலேயே போய் விழும். 10 என்று இருந்தால் சிறு ஏற்றத்துக்கே நல்ல கோரிக்கைகளும் திருப்பி அனுப்பப்படும். எந்த எண்ணை எழுதினாலும் அது ஏதோ ஒரு வேளைக்குத் தவறான எண்தான்.

நாங்கள் கையாளும் முறை புதியதன்று. 1986இல் இணையத்தில் நெரிசல் முற்றி, நொடிக்கு 32,000 பிட் சென்ற ஓர் இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்த பின், கணினி வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வின் சாரத்தையே பின்பற்றுகிறோம்: நிலைமை சீராக இருக்கையில் வரம்பு ஒவ்வொன்றாக ஏறும், தாமதம் தெரிந்ததும் ஒரே வெட்டில் குறையும். சராசரித் தாமதத்தை இதற்கு நாங்கள் நம்புவதில்லை. நூறில் ஒரு முறை மட்டுமே தாமதிக்கும் சர்வர்கள் 100 சேர்ந்து ஒரு பக்கத்தை உருவாக்கினால், ஏறத்தாழ 63 விழுக்காட்டுப் பக்கங்கள் ஏதாவதொரு தாமதத்தில் சிக்கும்; சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது. அளவீட்டுக்கு உடனுக்குடன் எதிர்வினையாற்றினால் வரம்பு ஊசலாடத் தொடங்கிவிடும் என்பதால், சற்றுப் பொறுத்தே மாற்றுமாறு அமைத்துள்ளோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மறுப்பு வந்ததும் உங்கள் செயலி உடனே மீண்டும் முயலாமல், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் வேறுபாட்டையும் கலந்து முயலட்டும். இல்லையேல் மறுக்கப்பட்ட அனைவரும் ஒரே நொடியில் திரும்பி வருவார்கள். எங்கள் '503' வாசலிலேயே தரப்படும் மறுப்பு. உங்கள் கோரிக்கை எதையும் தொட்டிருக்காது, ஆகவே மீண்டும் அனுப்பத் தயங்க வேண்டாம். பதிலே வராமல் காலக்கெடு முடிந்துபோன கோரிக்கைக்கு இந்த உறுதி பொருந்தாது. பணம் செலுத்துதல் போன்றவற்றில், முதல் முயற்சி நிறைவேறிவிட்டதா என்று சரிபார்த்த பின்னரே மறுமுறை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சர்வர் இயக்கக் குழுவினர்